அடீனியம் (பாலைவன ரோஜா) வாங்குவோர் கவனத்துக்கு: டேப்பைப் பிரித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்

வேளச்சேரி பக்கம் வார இறுதியில் வேனில் செடி கொண்டுவந்து விற்கும் ஒருவரிடம், "மூன்றடுக்கு அடீனியம், எல்லாமே ஒட்டுச்செடி" என்ற பேச்சை நம்பிச் செடிகள் வாங்கி ஏமாந்தேன். செடி ஒன்று 600 ரூபாய். கைப்பேசியில் காட்டியது கருஞ்சிவப்பு அடுக்குப் பூ. தண்டில் பிளாஸ்டிக் டேப்பும் சுற்றியிருந்தது. வீட்டில் டேப்பைப் பிரித்தால் அதன் அடியில் வெட்டிய தடமே இல்லை! விதைக்கன்றுக்கு டேப் சுற்றி ஒட்டுச்செடி விலைக்குத் தள்ளியிருக்கிறார். பிறகு பூத்ததும் ஐந்து இதழ் கொண்ட சாதாரண இளஞ்சிவப்புதான். கேட்டதற்கு, "வெயில் பத்தலைன்னா கலர் மாறும்" என்றார். வெயில் குறைந்தால் நிறம் கொஞ்சம் வெளிறலாம். அது மட்டுமே கருஞ்சிவப்பு அடுக்குப் பூவைச் சாதாரண இளஞ்சிவப்பு ஒற்றைப் பூவாக்கிவிடாது.

உண்மையான ஒட்டில், கிழங்குக்கு (தண்டின் பருத்த அடிப்பகுதிக்கு) மேலே தண்டைச் சுற்றியோ 'வி' வடிவிலோ ஒரு தழும்பு இருக்கும். அதற்கு மேலும் கீழும் தண்டின் பருமனோ தோலின் நிறமோ சற்று வேறுபடும். ஒட்டு நன்றாகப் பிடித்து மேலே இலை தழைத்த செடியில் டேப்பைப் பிரிப்பதால் கெடுதல் இல்லை. பிரிக்க விடமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் அடிச்செடி ஓங்கி, ஒட்டிய கிளை நலிந்துபோகும். பல நிறம் ஒட்டிய செடியிலும் இதே சிக்கல் உண்டு. வேகமாக வளரும் கிளை மற்றவற்றை அமுக்கிவிடும்.

இன்னொரு செடியில் நடந்தது அதைவிட மோசம். கூழாங்கல் பரப்பி அழகாகத்தான் வைத்திருந்தார். கல்லை விலக்கினால் கிழங்கின் ஒரு பக்கம் கொழகொழவென்று அழுகியிருந்தது. பை முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு. கிழக்கு ஆப்பிரிக்காவின், அரேபியாவின் வறண்ட நிலத்துச் செடி இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் வடியாத நார்க்கழிவில் வைத்தால் வேர் மூச்சுமுட்டிப் பூஞ்சை ஏறும். வாங்கும்போதே மேல்மண்ணை ஒதுக்கி, கிழங்கைச் சுற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். கல் போல இருக்க வேண்டும். லேசாகத் தளர்ந்திருந்தால் தண்ணீர்ப் பஞ்சமாக இருக்கலாம். உள்ளே அமுங்கினாலோ நாற்றம் வந்தாலோ அழுகல்தான்.

அழுகல் பரவாத செடியைக் காப்பாற்றலாம். மண்ணைக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைப்பது முக்கியம், இல்லையென்றால் பூஞ்சையை நீங்களே நல்ல சதையில் தடவிவிடுவீர்கள். கார்பென்டாசிம், மான்கோசெப் கலந்த பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து நனைத்து, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாளில் வெட்டு காய்ந்து தோல் கட்டும். இரண்டு பங்கு பருமணல் அல்லது செங்கல் நொறுக்கு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து, ஓட்டை பெரிதான அகலத் தொட்டியில் நடுங்கள். ஐந்தாறு நாள் தண்ணீர் வேண்டாம். அதன்பின் ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் மாடியில் வையுங்கள், அடைமழைக்கு மட்டும் கூரைக்கடியில் நகர்த்துங்கள். வெட்டும்போது வடியும் பால் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் பூசிய பால் அது. கையுறை போடுங்கள், குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

அவரிடமே விதைப் பாக்கெட்டும் இருந்தது. "நீல அடீனியம்" என்று அச்சிட்ட படம். நீல அடீனியம் என்று ஒன்று இல்லை. அடுக்குப் பூவின் விதையே ஆனாலும் தாய்ச்செடியின் நிறமும் அடுக்கும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். பணத்தை யுபிஐயில் கட்டி, காட்டிய படத்தையும் விலையையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல அவை உதவும்.