எல்லாத்துக்கும் ஒரே 900 கலோரி சார்ட், காசு கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சுருங்க

நேத்து ராத்திரி எங்க நங்கையா (அண்ணி) மக போன் பண்ணுனா. காலேஜ் ரெண்டாவது வருசம், 19 வயசு, 52 கிலோ, உயரம் 160 செமீ. "அத்தை, ஒரு டயட் குரூப்ல சேந்துட்டேன், சார்ட் அனுப்பறேன் பாருங்க"ன்னா. படத்த தொறந்ததும் எனக்கு கையெல்லாம் நடுங்கிப்போச்சுங்க. போன வருசம் எனக்கு வந்த அதே சார்ட். அதே பச்சைக் கலர், அதே 900 கலோரி, காலைல பவுடர், ராத்திரி பவுடர், மத்தியானம் ஒரு கப் காய், மேல பேரு மட்டும் மாத்தியிருக்குது. 78 கிலோ இருந்த எனக்கும் 900, 52 கிலோ இருக்கற புள்ளைக்கும் 900. அதனாலதான் இத எழுதறேன்.

எனக்கு 36 வயசு, திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங். ஆர்டர் அவசரம்னா ஒன்னரை ஷிப்ட் நின்னுட்டே பாக்கோணும். ரெண்டாவது பையன் பொறந்ததுக்கப்பறம் ஏறுன எடை எறங்கவே இல்ல, மூட்டு வலி வேற, அப்பத்தான் கூட வேலை செய்யற ஒரு அக்கா ஒரு வெல்னஸ் சென்டர் இருக்குதுன்னு கூட்டிட்டுப் போனாங்க. மூனு மாசத்துக்கு 7,500, பவுடர் டப்பா ஒன்னு 2,800, எல்லாமே ஒரு தனியாளு நம்பருக்கு ஜிபே. பில்லு கேட்டதுக்கு "அதெல்லாம் மொத்தமா குடுப்போங்க சிஸ்டர்"னாங்க, இன்னிவரைக்கும் தரலைங்க.

மொத நாளு ஒடம்புல எவ்வளவு கொழுப்புன்னு காட்டற, கைல புடிக்கற ஒரு மிசின குடுத்தாங்க. அதுல உயரம், வயசு எல்லாம் அமுத்துனாத்தான் கணக்கு வரும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலைங்க, அந்தப் பொண்ணு என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு அவங்களே 152ன்னு போட்டாங்க. நான் 158. அப்பறம் "உங்க ஒடம்புக்கு 54 வயசு காட்டுது சிஸ்டர்"ன்னாங்க பாருங்க, அன்னிக்கு அங்கியே அழுதுட்டேன். அந்தப் பயத்துல உடனே காசும் கட்டீட்டேன். அந்த மிசின் ஒடம்புல லேசா கரண்ட் உட்டு தண்ணி அளவ வெச்சு போடற கணக்காம், உயரத்த மாத்திப் போட்டாலே நம்பர் மாறிப்போகும், தண்ணி குடிச்சுட்டு புடிச்சாக்கூட மாறும். எனக்கு இது ரொம்ப பின்னாடிதான் தெரியும்.

மொத வாரம் மூன்ற கிலோ எறங்குச்சு. நெம்ப சந்தோசம், நானே நாலு பேர்த்துகிட்ட சொன்னேன். அது கொழுப்பே இல்லீங்க, பெரும்பாலும் தண்ணி. ஈரல்லயும் சதைலயும் ஒடம்பு கிளைக்கோஜன்னு மாவுச்சத்த சேத்து வெச்சிருக்கும், அது ஒவ்வொரு கிராமும் சுமார் மூனு கிராம் தண்ணிய புடிச்சு வெச்சிருக்கும், சாப்பாட்ட படக்குன்னு கொறச்சா மொத அதுதான் கரையும், அதோட தண்ணியும் போயிரும். இந்த மொத வாரத்த காட்டித்தான் அவங்க அடுத்த ஆள புடிக்கறாங்க.

மூனாவது வாரம் செக்கிங் டேபிள்லயே மயங்கி உழுந்தேன். ரெண்டரை மாசத்துல தலை சீவுனா சீப்பு நெறைய முடி, பீரியட்ஸ் 20 நாள் தள்ளிப்போச்சு. கேட்டா "நச்சு வெளிய போகுது சிஸ்டர், நல்லதுதான், இன்னும் 700க்கு எறக்குங்க"ன்னாங்க. குரூப்ல ஒரு பெரியவரு, சுகர் மாத்திரை போடறவரு, அவருக்கும் இதே சார்ட்தான், சுகர் கொறஞ்சு ஆஸ்பத்திரில சேத்தாங்கன்னு அவரு மக மெசேஜ் போட்டா, ரெண்டு நிமிசத்துல அந்த மெசேஜ அழிச்சுட்டு அந்தப் பொண்ணையும் குரூப்ல இருந்து தூக்கீட்டாங்க. அன்னிக்கே நானும் வெளிய வந்திருக்கோணும்.

வரல. 11வது வாரம் ராத்திரி வலது பக்கம் விலாவுக்குக் கீழ ஒரு வலி, முதுகு வரைக்கும் இழுக்குது. எங்க ஊட்டுக்காரர் ராத்திரியோட ராத்திரியா கூட்டிட்டுப் போனாரு. ஸ்கேன்ல பித்தப்பைல கல்லு. டாக்டரம்மா "அம்மணி, என்ன சாப்புடற?"ன்னு கேட்டாங்க, சார்ட்ட காட்டுனேன், கொஞ்ச நேரம் ஒன்னுமே பேசல. எடை வெசையா எறங்கறப்ப ஈரல் பித்தத்துல கொலஸ்ட்ரால கூட கொட்டுமாம், சாப்பாட்டுல கொழுப்பே இல்லாட்டி பித்தப்பை சரியா சுருங்காதாம், பித்தம் அங்கியே தேங்கி கல்லாகறதுக்கு வாய்ப்பு கூடுமாம். 800 கலோரியும் அதுக்குக் கீழயும் டாக்டர் கண்ணு முன்னாடி மட்டும் பண்ண வேண்டிய வைத்தியம், அதுக்குக் கொஞ்சம் மேலன்னாலும், பொம்பளைக தானா 1200க்குக் கீழ போகக்கூடாதுன்னு சொன்னாங்க.

நிறுத்துனதும் ரெண்டே மாசத்துல 68ல இருந்து 76 ஆயிருச்சு. அப்பறம் டாக்டரம்மா அந்த ஆஸ்பத்திரிலயே இருக்கற டயட்டீசியன்கிட்ட அனுப்புனாங்க. அவங்க அரைமணி நேரம் கேள்வியாத்தான் கேட்டாங்க. என்ன வேலை, எத்தன மணி நேரம் நிக்கற, தைராய்டு இருக்குதா, பால் குடுக்கறயா, கம்பெனில எத்தன டீ. பொறகு தாள்ல என் முன்னாடியே போட்டுக் காட்டுனாங்க, ஒடம்புக்கு எத்தன கலோரி வேணும்னு பாக்கற, 1990ல வந்த மிஃப்ளின் செயின்ட் ஜியோர் கணக்கு. எடைய பத்தால பெருக்கி 760, உயரத்த 6.25ஆல பெருக்கி 987, வயச அஞ்சால பெருக்கி 180 கழிக்கோணும், பொம்பளைகளுக்கு இன்னும் 161 கழிக்கோணும், ஆம்பளைகளுக்கு கழிக்கறதுக்கு பதிலா 5 கூட்டோணும். எனக்கு 1406 வந்துச்சு. சும்மா படுத்தே கெடந்தாலும் மூச்சு உட, இதயம் ஓட ஒடம்புக்கு இது வேணும். அதுக்கே பத்தாத 900ஐ வெச்சுட்டுத்தான் நான் ஒன்னரை ஷிப்ட் நின்னிருக்கேன்.

லேசா அலையற வேலைக்கு 1.375ஆல பெருக்கி 1930 சொச்சம், அதுல 430 கொறச்சு நாளைக்கு 1500ன்னு எழுதிக் குடுத்தாங்க. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7700 கலோரி, அதனால வாரத்துக்கு 400 கிராம் எறங்குனா போதும், அஞ்சு கிலோ கொறஞ்சதும் மறுக்கா கணக்கு போடோணும்னு சொன்னாங்க.

அந்த 430 எங்க இருந்து வருதுன்னும் ஊட்டுலயே தேடுனோம். மாசம் அஞ்சு லிட்டர் கடலெண்ணெய், நாலு பேரு, ஆளுக்கு நாளைக்கு 340 கலோரி கிட்ட எண்ணெய்ல மட்டும் போகுது! மூனு லிட்டராக்குனோம். கம்பெனில மூனு டீ, ஒவ்வொன்னுலயும் ரெண்டு ஸ்பூன் சக்கரை, அதுவே 120. அரிசிம்பருப்பு சோற உடச் சொல்லல, அளவ கொறச்சு பக்கத்துல கொள்ளுப்பருப்பும் முட்டையும் வெச்சுக்கன்னாங்க. நாலு மாசத்துல 71, முடி கொட்டறதும் நின்னுருச்சு. கல்லு இன்னும் அப்புடியே இருக்குது, திரும்ப வலிச்சா ஆபரேசன்.

நங்கையா மகளுக்கு விசயம் இன்னும் மோசம்ங்க. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல போட்ட கணக்குல, உக்காந்தே வேலை செய்யற 55 கிலோ பொம்பளைக்கே நாளைக்கு 1660 கலோரி. அவளுக்கு எறக்க வேண்டிய எடையே இல்ல. அவளுக்குப் போயி 900!

உங்க ஊட்டுல ஆராச்சும் இப்புடி சேந்திருந்தா இன்னிக்கே "இந்த நம்பர் எப்புடி வந்துச்சு, கணக்கு காட்டுங்க"ன்னு கேக்கச் சொல்லுங்க. சுகர், பிரசர் மாத்திரை போடறவங்க, பால் குடுக்கறவங்க டாக்டர கேக்காம தொடவே வேண்டாம். டப்பால 14 இலக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் இருக்குதான்னு பாருங்க, என்னோட டப்பால வெறும் ஸ்டிக்கர்தான்.

காச திருப்பிக் கேட்டேன், பிளாக் பண்ணீட்டாங்க. 1915ங்கற நுகர்வோர் உதவி போன் நம்பர்ல புகார் போட்டிருக்கேன், வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனுவும் குடுக்கப் போறேன், நங்கையா மகளும் வர்றா. இதே பச்சைக் கலர் சார்ட் உங்ககிட்ட இருந்தா அழிச்சுராதீங்க, ஜிபே ஸ்கிரீன்சாட்டையும் சேத்து எடுத்துட்டு காலைல பத்து மணிக்கு அங்க வாங்க, எல்லாத்தையும் ஒரே மனுவா குடுத்தரலாம்.