பகிர்ந்த ஆவணங்களின் பழைய பதிப்புகள்: எந்த வழி நமக்குப் பொருந்தும்?

மாடித் தோட்டம் போடுகிறவர்களுக்கான கையேடு ஒன்றை ஏழு பேர் சேர்ந்து எழுதினோம். இணையத்தில் பகிர்ந்துகொண்ட ஒரே ஆவணத்தில், அவரவர் வீட்டிலிருந்தபடி எழுதுவதும் திருத்துவதுமாக நான்கு மாதங்கள் வேலை நடந்தது. அச்சுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் மெய்ப்புப் பார்த்தபோது, பஞ்சகவ்யம் தெளிப்பது பற்றிய பத்தி காணாமல் போயிருப்பதைக் கவனித்தேன். பதிப்பு வரலாற்றைத் திறந்து தேடியதில், மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலையில், பிறகு குழுவிலிருந்து விலகிவிட்ட நண்பர் ஒருவர் அதை நீக்கியிருந்தது தெரிந்தது. கை தவறி அழிந்திருக்கும் என்று நினைத்துப் பத்தியை மீட்டெடுத்துச் சேர்த்துவிட்டேன். கையேடு அச்சாகி வந்த பிறகுதான் உண்மை புரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்று இருக்க வேண்டிய அளவு அந்தப் பத்தியில் 300 என்று இருந்தது. அதைக் கண்டுபிடித்துத்தான் அவர் பத்தியையே நீக்கிவிட்டு, சரியான அளவைப் பின்பக்க அட்டவணையில் சேர்த்திருந்தார். எல்லாப் பிரதிகளிலும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டி முடிக்க எங்களுக்கு இரண்டு நாட்கள் ஆயின.

யார் மாற்றினார், எப்போது மாற்றினார், எதை மாற்றினார் என்ற மூன்று கேள்விகளுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. ஏன் மாற்றினார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. கூட்டாக எழுதும் மென்பொருள்களை இப்போது நான் ஒப்பிடும்போது, எத்தனை பழைய பதிப்புகளைச் சேமிக்கின்றன என்று பார்ப்பதைவிட, மாற்றத்துக்கான காரணத்தை எழுத எவ்வளவு இடம் கொடுக்கின்றன, எவ்வளவு வற்புறுத்துகின்றன என்றே முதலில் பார்க்கிறேன். கீழே உள்ள அலசல் முழுவதற்கும் அதுவே அளவுகோல்.

முதலில் கூகுள் டாக்ஸ். எழுத எழுதத் தானாகவே சேமிப்பதும், பலர் ஒரே நேரத்தில் ஒரே பத்தியில் கை வைத்தாலும் யாருடைய எழுத்தும் தொலையாமல் பார்த்துக்கொள்வதும் இதன் பெரும்பலம். கணினிப் பழக்கம் அதிகம் இல்லாதவரும் பத்து நிமிடங்களில் எழுதத் தொடங்கிவிடலாம். பதிப்பு வரலாற்றில் ஒவ்வொருவர் சேர்த்ததும் நீக்கியதும் தனித்தனி நிறத்தில் தெரியும். பழைய பதிப்பு ஒன்றை மீட்டெடுத்தால் இடைப்பட்ட பதிப்புகள் அழிந்துவிடாது; மீட்டெடுத்த வடிவம் புதிய பதிப்பாக மேலே வந்து உட்காரும். ஆனால் மீட்டெடுப்பது ஆவணம் முழுவதற்கும் நடக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு பத்தி வேண்டும் என்பதற்காக மூன்று வாரத்துக்கு முந்தைய பதிப்புக்குத் திரும்பினால், மற்றவர்கள் அந்த மூன்று வாரங்களில் செய்த வேலை கண்ணிலிருந்து மறைந்துவிடும். பழைய பதிப்பைத் திறந்து, வேண்டிய பத்தியை மட்டும் நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு.

இந்த வரலாறு கடிகாரத்தைப் பார்த்துத் தானாக உருவாகிறது என்பதே இதன் குறை. நுணுக்கமான இடைப்பதிப்புகளை, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, மென்பொருளே அவ்வப்போது ஒன்றாக இணைத்துவிடலாம். ஆவணத்தைப் படிக்க மட்டும் அனுமதி பெற்றவருக்கு வரலாறு தெரியாது; திருத்தும் அனுமதி உள்ளவர் மட்டுமே பார்க்க முடியும். ஆவணத்துக்கு ஒரு நகல் எடுத்தால் பழைய வரலாறு நகலோடு வராது. இதை அறியாமல், பொறுப்பு கைமாறும்போது நகல் எடுத்து வைத்துக்கொண்டு மூல ஆவணத்தை நீக்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் பல மாத வரலாறும் மூலத்தோடு சேர்ந்தே போய்விடும். காரணம் எழுத வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஓர் ஆவணத்தில் 40 பதிப்புகள் வரை பெயரிட்டு வைக்கலாம்; பரிந்துரை முறையில் (திருத்தம் உடனே உரையில் ஏறாமல், மற்றவர் ஏற்பதற்காகக் காத்திருக்கும் முறை) திருத்தினால் ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் கருத்து எழுதலாம். ஆனால் இரண்டுமே எழுதுகிறவரின் விருப்பத்தைப் பொறுத்தவை. எங்கள் நண்பர் பரிந்துரை முறையில் நீக்கி, "அளவு தவறு" என்று இரண்டு சொற்கள் எழுதியிருந்தால் போதும், நான் அந்தப் பத்தியைத் தொட்டிருக்க மாட்டேன். அப்படி எழுத வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, மென்பொருளும் கேட்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயின்ட் இதே சிக்கலை அலுவலகக் கோப்பு முறையில் அணுகுகிறது. ஆவண நூலகத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் எண் உண்டு. விரும்பினால் வரைவுகளுக்கு 0.1, 0.2 என்றும் வெளியிட்ட வடிவங்களுக்கு 1.0, 2.0 என்றும் இரண்டு அடுக்காக எண் கொடுக்கலாம். மேலதிகாரி ஒப்புதல் தந்த பிறகே வெளியாகும்படியும் அமைக்கலாம். "2.0 பதிப்பின்படி" என்று கடிதத்தில் எழுதினால் எல்லோரும் ஒரே வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள் என்ற உறுதி, ஒப்பந்தங்களுக்கும் விதிமுறைகளுக்கும் மிகவும் தேவையானது, இந்த வசதியில் ஷேர்பாயின்டுக்கு நிகராகக் கூகுள் டாக்ஸை நான் சொல்ல மாட்டேன். ஆவணத்தை ஒருவர் தன் பெயரில் எடுத்துத் திருத்தித் திரும்ப வைக்கும்போது குறிப்பு எழுத ஒரு பெட்டியும் வரும். ஆனால் அப்படி எடுத்து வைத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் அதைத் திருத்த முடியாது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி எல்லோரும் சேர்ந்து எழுதும்படி விட்டால், தானியங்கிச் சேமிப்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்ணை ஏற்றிக்கொண்டே போகும், எண்ணுக்கு இருந்த பொருளும் குறைந்துவிடும். ஒவ்வொரு பதிப்பும் சேமிப்பக ஒதுக்கீட்டிலும் கணக்காகும் என்பதால், படங்கள் நிறைந்த பெரிய கோப்புகளை வைத்திருப்பவர்கள் எத்தனை பதிப்புகள் வரை வேண்டும் என்ற வரம்பைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

சொந்த சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்பு மென்பொருளை நிறுவிப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அதன் இயல்பான அமைப்பில் பழைய பதிப்புகள் நாளாக ஆகச் சல்லடையில் சலிக்கப்படும்: முதல் நாளில் மணிக்கு ஒன்று, 30 நாட்கள் வரை நாளுக்கு ஒன்று, அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மிஞ்சும். தவறுதலாக அழிந்த கோப்பை மீட்க இது போதுமானது. ஒரு சொல் எப்படி மாறி வந்தது என்று ஆராய்வதற்குப் போதாது.

அடுத்த வழி, பலரும் எண்ணிப் பார்க்காத மீடியாவிக்கி. 2003 முதல் இயங்கிவரும் தமிழ் விக்கிப்பீடியா இதே மென்பொருளில்தான் நடக்கிறது. தமிழில் நூற்றுக்கணக்கானோர் கூட்டாக எழுதித் திருத்திய மிகப் பெரிய அனுபவம் நமக்கு அங்கே கண்ணெதிரில் இருக்கிறது. சேமிக்கும் பொத்தானுக்கு மேலேயே, என்ன செய்தோம் என்று சுருக்கமாக எழுத ஒரு பெட்டி இருக்கும். அதை வெறுமையாக விட்டால் நினைவூட்டும்படி அவரவர் விருப்பத்தேர்வில் அமைத்துக்கொள்ளலாம். வரலாற்றுப் பக்கத்தில் அந்தச் சுருக்கங்கள் வரிசையாக வரும்; எந்த இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்; ஒவ்வொரு பதிப்புக்கும் மாறாத இணைப்பு உண்டு. பொது விக்கியில், திருத்தும் உரிமை பெறாத வாசகரும் இவை அனைத்தையும் பார்க்கலாம். நீண்ட விவாதத்துக்குத் தனி உரையாடல் பக்கமும் இருக்கிறது. காரணம் கேட்கும் பழக்கத்தை இவ்வளவு இயல்பாக ஊட்டும் வேறு கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் இருவர் ஒரே பகுதியை ஒரே நேரத்தில் திருத்தினால், பிந்திச் சேமிப்பவர் முரண்பாட்டைக் கையால் சரிசெய்ய வேண்டும். பக்க வடிவமைப்பும் அச்சுக்கு ஏற்றபடி வராது. எங்கள் கையேடு போன்ற நூலை அச்சகத்துக்குக் கொண்டுபோக அங்கிருந்து இன்னும் ஒரு படி தாண்ட வேண்டியிருக்கும்.

கடைசியாகக் கிட் (Git). லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்கான நிரல்களைப் பராமரிக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய இந்தக் கருவி நிரலாளர்களுக்கானது என்றே பெயர் வாங்கியிருந்தாலும், எளிய உரைக் கோப்புகளாக எழுதப்படும் எதற்கும் பொருந்தும். இதில் கமிட் செய்யும்போது, அதாவது மாற்றங்களை வரலாற்றில் பதியும்போது, செய்தி எழுதாமல் விட்டால், இயல்பான அமைப்பில், கமிட் நடக்காமலே நின்றுவிடும். மேற்சொன்ன கருவிகளில் காரணத்தைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவைப்பது இது ஒன்றுதான். பல ஆண்டுகள் கழித்தும், இந்த வரி எந்தக் கமிட்டில், என்ன செய்தியோடு வந்தது என்று ஒரே கட்டளையில் பார்த்துவிடலாம். இப்போது இல்லாத சொற்றொடர் எந்தக் கமிட்டில் நீங்கியது என்றும் தேடலாம். எங்கள் பத்திக்கு நேர்ந்தது இதில் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கிட்டைப் பயன்படுத்தும்போது சில சங்கடங்களை எதிர்பார்க்க வேண்டும். கோப்புக்கு "உரங்கள்" என்று பெயர் வைத்தால், நிலையைக் காட்டும் கட்டளை அதைப் பின்சாய்வுக் கோடுகளும் எண்களுமாகக் காட்டும். கோப்புப் பெயரை இப்படி எண்களாக மாற்றிக் காட்டும் அமைப்பை ஒருமுறை நிறுத்திவிட்டால் தமிழ் தமிழாகத் தெரியும். கிட் வரி வரியாக ஒப்பிடுவதால், ஒரு நீண்ட பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால், ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். எனவே வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதப் பழக வேண்டும். இன்னொன்று மிக நுட்பமானது. "கொ" என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் (கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமுறை) ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒருவருடைய விசைப்பலகை முதல் வகையையும் மற்றவருடையது இரண்டாம் வகையையும் தந்தால், யாரும் ஒரு சொல்லும் மாற்றாதபோதும் நூறு வரிகள் மாறியதாகக் கிட் சொல்லும். எல்லா உரையையும் ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றிய பிறகே கமிட் செய்வது என்று குழுவில் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

வேர்டு கோப்புகளை அப்படியே கிட்டில் போடுவது பயன் தராது. அவை உள்ளுக்குள் சுருக்கிக் கட்டிய பொதிகள். மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்லுமே தவிர, எது மாறியது என்று தானாகக் காட்டாது. இவ்வளவையும் கற்றுக்கொள்ள ஏழு பேரில் ஐந்து பேராவது மறுப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவிக்குப் பயந்து ஒரு நண்பர் எழுதவே வராமல் போனால், அந்த இழப்பை எந்தக் கமிட் செய்தியும் ஈடுசெய்யாது.

ஆகவே என் தேர்வு ஆவணத்தின் ஆயுளைப் பொறுத்தது. ஒரு மாதத்தில் முடிந்துவிடும் அறிக்கைக்கும் கூட்டக் குறிப்புக்கும் கூகுள் டாக்ஸ் போதும். கையொப்பமும் ஒப்புதலும் தேவைப்படும் அலுவலக ஆவணத்துக்கு ஷேர்பாயின்டின் வரைவு எண்ணும் வெளியீட்டு எண்ணும் வேண்டும். பலர் வந்து போய்க்கொண்டே இருக்க, ஆண்டுக்கணக்கில் வளரும் கலைச்சொல் பட்டியலுக்கும் குறிப்பேட்டுக்கும் விக்கியே சிறந்தது. மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்படும் நூலுக்குக் கிட்டைப் பரிந்துரைப்பேன், குழுவில் ஒருவராவது அதை நன்கு அறிந்தவராக இருந்தால்.

எங்கள் கையேட்டின் இரண்டாம் பதிப்பு இப்போது இரண்டு கட்டமாக நடக்கிறது. எழுதும் கட்டத்தில் எல்லோரும் கூகுள் டாக்ஸில்தான் இருக்கிறோம். ஆனால் அளவு, விகிதம், தேதி ஆகிய மூன்றையும் யாரும் நேரடியாக மாற்றுவதில்லை, பரிந்துரை முறையில் காரணத்தோடு மட்டுமே மாற்றுகிறோம். ஞாயிறுதோறும் ஒருவர் அந்த வாரப் பதிப்புக்குப் பெயரிட்டு, உரையை எடுத்து, சீர்வடிவத்துக்கு மாற்றி, கிட்டில் சேர்க்கிறார். அந்தத் தொகுப்பின் முதல் கமிட்டுச் செய்தி இப்படி இருக்கிறது: "பஞ்சகவ்யம்: 300 தவறு, 30 மில்லி சரி. பத்தியை நீக்கினேன், அட்டவணை 4-ஐப் பார்க்கவும்."