மட்டக்களப்பு டவுன்ல ஒரு செனல் சென்டரும் நான் அஞ்சு கிழமை மறைச்சு வச்ச வருத்தமும்

எனக்கு 44 வயசு, ஆரையம்பதிப் பக்கம், ஸ்கூல் வான் ஓடுறன். போன வருசம் ஒரு நாள் ராவு விந்தோட ரத்தம் வந்திச்சி. வலி கிலி ஒண்டும் இல்ல. பாத்ரூம் லைட்டுக்குக் கீழ பார்த்தா நல்ல சிவப்பு, மறுகா ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்தது பழைய தகரத்துல புடிச்ச துரு மாதிரி. கை கால் எல்லாம் விறைச்சுப் போச்சு, கான்சர்தான் எண்டு மனசு முடிவே கட்டிட்டு.

அஞ்சு கிழமை டொக்டரிட்டப் போகல்ல. ஒரு கூட்டாளியிட்ட மட்டும் வாய் விட்டன், அவன் "சூடு புடிச்சிருக்கு மச்சான், வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி" எண்டான், குடிச்சன், இளநீரும் குடிச்சன், வான் ஓட்டம் முடிஞ்சு வந்து தலையில தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தன். அதுவும் சரிவராம ஒரு பார்மசியில போய் மெல்லமாச் சொன்னன், டொக்டர்ட மருந்துத் துண்டு ஒண்டும் கேக்காம அங்க நிண்ட பொடியன் அஞ்சு நாளைக்கு அன்டிபயோட்டிக் கட்டித் தந்துட்டான். குடிக்கக்குள்ள கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்திச்சி, முடிச்சு பத்து நாளையால திரும்பவும் துருக்கலர். கடைசியில வைஃப் சாரன் தோய்க்கக்குள்ள கறையக் கண்டுட்டா. "இஞ்சேருங்க, இத எத்தன நாளா வச்சிக்கிட்டு இருக்கீங்க" எண்டு கேட்டவ அன்டைக்கே அவடெ போன்ல இருந்து, ஸ்பெஷலிஸ்ட் டொக்டர்மார் வந்து பார்க்கிற தனியார் செனல் சென்டர்ல நம்பர் போட்டுட்டா. அவ இல்லாட்டி நான் இன்னும் வெந்தயம்தான் குடிச்சிக்கிட்டு இருந்திருப்பன்.

இப்ப சென்டரைப் பத்திச் சொல்றன். பேர் போடல்ல, ஏன் எண்டா குறையும் சொல்லப் போறன். டவுனுக்குள்ள, ரெண்டு மாடி, கீழ லேப், மேல டொக்டர்மார். மூத்திர வழி வருத்தம் பார்க்கிற யூரோலஜி சேர்ஜன் கிழமைக்கு ஒரு நாள் பின்னேரம் வாறார். எனக்கு 14ஆம் நம்பர், அஞ்சு மணிக்கு வரச் சொன்னாங்க, உள்ள போகக்குள்ள ஏழே முக்கால். சனம் நிரம்பி வழிஞ்சிச்சி, வாழைச்சேனையில இருந்து வந்த ஒரு வாப்பா, அக்கரைப்பற்றுல இருந்து ஒரு குடும்பம், ஃபேன் ஒண்டு வேல செய்யல்ல, குடிக்கத் தண்ணி வச்சிருந்தாங்க, அது நல்லம்.

முன் மேசைதான் மோசம். அந்தப் பிள்ள இருபது பேருக்கு முன்னால சத்தமா "அண்ணன் என்ன வருத்தத்துக்கு வந்த" எண்டு கேட்டுச்சி. நான் என்னத்தச் சொல்ல? "யூரின் பிரச்சின" எண்டு வாய்க்குள்ள முனகினன். பொம்பிளைகள் இருக்கிற இடத்தில எந்த ஆம்பிளையாலயும் இதச் சொல்ல ஏலாது, சில பேர் அந்தக் கேள்வியோடயே எழும்பி வீட்ட போயிடுவாங்க. போதாததுக்கு டொக்டரக் காணுறதுக்கு முதலே "ஆம்பிளைகளுக்கான ஃபுல் செக்கப் பேக்கேஜ் இருக்கு, புரோஸ்டேட் சுரப்பிக்குப் பார்க்கிற பிஎஸ்ஏ ரத்த டெஸ்டும் சேர்த்து, இப்பவே ரத்தம் குடுத்துட்டுப் போங்க" எண்டு நெருக்கினாங்க. பயத்துல நான் காச எடுக்கவும் வெளிக்கிட்டன், வைஃப்தான் "டொக்டர் சொல்லட்டும்" எண்டு கையப் புடிச்சா. ஏன் அது நல்லதாப் போச்சு எண்டு பிறகு சொல்றன்.

டொக்டருக்குத்தான் முழு மார்க். சின்ன வயசு, சத்தமே இல்லாத பேச்சு. முதல் கேள்வியே "எத்தின தரம் வந்தது, என்ன கலர்" எண்டு கேட்டார், முகத்துல ஒரு சுழிப்பும் இல்ல, இருமல் தடிமனுக்கு கேக்குற மாதிரி. அந்த ஒரு நிமிசத்துல எனக்குப் பாதிச் சுமை இறங்கிட்டு. பிறகு வைஃப்பக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லிட்டு வேற ஆக்களோட தொடர்பு இருந்ததா எண்டு நேராக் கேட்டார், கிளமிடியா, கொனோரியா மாதிரித் தொத்துற வருத்தத்தாலயும் இப்படி வருமாம், அப்படி யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா அரசாங்க எஸ்டிடி கிளினிக்குல இலவசமா, ரகசியமாப் பார்ப்பாங்க எண்டும் சொன்னார். அஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மருந்து எடுக்கிறீங்களா, முன்ன புரோஸ்டேட்டுல ஊசி போட்டு சதை எடுத்தீங்களா, நாள்பட்ட இருமல், டிபி இருந்ததா, வெளிநாட்டுல வேல செஞ்சீங்களா எண்டெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்வி எனக்கு விளங்கல்ல. ஆபிரிக்காவுலயும் மத்திய கிழக்குல சில இடங்கள்லயும் குளம் ஆத்துத் தண்ணியில இருக்கிற ஒரு புழு உடம்புக்குள்ள போய் இதே மாதிரி ரத்தம் வரப் பண்ணுமாம், நம்மட ஆக்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர் வேலைக்குப் போறதால கட்டாயம் கேப்பாராம். இன்னொண்டு, ரத்தம் ஆம்பிளையிடதா பெண்சாதியிடதா எண்டு தெரியாட்டி கொண்டம் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும் எண்டார். இப்படி ஒரு லேசான வழி இருக்கு எண்டு எனக்கு யோசனையே வரல்ல.

மறுகா மருந்துத் துண்டோட பின் பக்கத்துல பேனையால படம் கீறினார். விரையில இருந்து வாறது விந்துல கொஞ்சம்தானாம், கூடப் பங்கு மூத்திரப் பைக்குப் பின்னால இருக்கிற ரெண்டு விந்துப் பையில இருந்து வாறது, மிச்சம் புரோஸ்டேட்டுல இருந்து, அது பச்சப் பாக்கு அளவுல மூத்திரக் குழாயச் சுத்தி இருக்குது. இந்த வழியில எங்க வீங்கினாலும், கிருமி புடிச்சாலும், கல்லு இருந்தாலும், ஒரு சின்ன ரத்தக் குழாய் வெடிச்சாலும் ரத்தம் கலந்திடும். புதுசா வந்தா சிவப்பு, தேங்கி நிண்டு வந்தா மண்ணிறம். ரத்தம் நிண்ட பிறகும் கொஞ்ச நாளைக்கு துருக்கலர் வரும், அதுக்குப் பயப்பட வேணாம் எண்டார். அந்தத் துண்டு இப்பவும் வான் டாஷ்போர்டுக்குள்ளதான் கிடக்கு.

40 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்கு ஒண்டு ரெண்டு தரம் வந்து, வேற ஒரு குணமும் இல்லாட்டி பெரும்பாலும் தானா நிண்டிடுமாம், அப்படியும் ஒருக்காக் காட்டி யூரின் பார்க்கிறது நல்லம். 40 தாண்டினா, திரும்பத் திரும்ப வந்தா, மூணு நாலு கிழமைக்கு மேல இழுத்தா, மூத்திரத்துலயும் ரத்தம் கண்டா, காய்ச்சல், மூத்திர எரிச்சல், விரையில வீக்கம் வலி, காரணமில்லாம மெலியிறது, முதுகு எலும்பு நோவு, குடும்பத்துல புரோஸ்டேட் கான்சர் எண்டு இதுல ஒண்டு இருந்தாலும் தள்ளிப் போடப்படாது. மூத்திரம் அடைச்சு போக ஏலாம இருந்தாலோ கட்டி கட்டியா ரத்தம் வந்தாலோ நம்பர் போட்டுக் காத்திருக்காம நேர ஆஸ்பத்திரிக்கு. எனக்கு இதுல ரெண்டு மூணு பொருந்திச்சி. நான் அஞ்சு கிழமைய வீணாக்கினத நினைக்க இப்பவும் வயிறு எரியுது.

பிரஷர் பார்த்தார், 170க்கு 100. எனக்கு பிரஷர் இருக்கு எண்டே தெரியாது, வான் ஓடுற எனக்கு இது எவ்வளவு பாரதூரம். கூடின பிரஷராலயும் இப்படி ரத்தம் வருமாம். மறுகா பின்வழியால விரல் விட்டுப் பார்க்கணும் எண்டார். வெக்கமா இருந்திச்சி, பொய் சொல்லல்ல, ஆனா கிளவுஸ் போட்டு, திரை இழுத்துவிட்டு, செய்யிறதுக்கு முதல் ஒவ்வொண்டாச் சொல்லிச் செஞ்சார், ஒரு நிமிசம் கூட இல்ல, அமுக்கம் மட்டும்தான். இதுக்குப் பயந்து போகாம இருக்கிற அண்ணன்மார் தயவு செஞ்சு போங்க.

கீழ லேப்ல யூரின் ரிப்போர்ட் அரை மணித்தியாலத்துல தந்தாங்க, பஸ் செல், அதாவது சீழ் அணு, கூடுதலா இருந்திச்சி. என்ன கிருமி எண்டு வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கும் குடுத்தன், ஆனா முன்னமே அன்டிபயோட்டிக் குடிச்சதால கிருமி சரியாக் காட்டாம விடலாம் எண்டு டொக்டர் சொன்னார், பார்மசியில வாங்கி அரைகுறையாக் குடிச்ச வினை அது. புரோஸ்டேட்டுல அழற்சி எண்டு நாலு கிழமைக்கு மருந்து தந்தார், அஞ்சு நாள் மருந்து அந்த இடத்துக்குக் காணாதாம். பிஎஸ்ஏய இப்ப எடுக்க வேணாம் எண்டார். கிருமி இருக்கக்குள்ள எடுத்தா கான்சர் இல்லாமலே அந்த எண் ஏறிக் காட்டும், ஆறு கிழமை கழிச்சு எடுங்க, எடுக்க ரெண்டு நாளைக்கு முதல் விந்து வெளியேறாம இருக்கணும் எண்டும் சொன்னார். முன் மேசையில சொன்ன பேக்கேஜுக்கு ரத்தம் குடுத்திருந்தா ஏறின எண்ணக் கையில வச்சிக்கிட்டு நானும் வைஃபும் நித்திரை இல்லாமக் கிடந்திருப்பம்.

செலவு, டொக்டர் ஃபீஸும் சென்டர் காசும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம், யூரின் ரிப்போர்ட்டும் கல்ச்சரும் வேற. காசு இல்லாதவங்க அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடியில காட்டி கிளினிக்குக்கு எழுதி வாங்கலாம், சல்லி இல்ல, நேரம்தான் போகும்.

ரெண்டாம் தரம் போகக்குள்ள ரத்தம் நிண்டு பத்து நாளைக்கு மேல. பிஎஸ்ஏ நோர்மல், ஸ்கேன்லயும் ஒண்டும் இல்ல, பிரஷர் குளிசை மட்டும் தொடருது. வெளிய வரக்குள்ள மேசைப் பிள்ளையிட்ட ஆறுதலாச் சொன்னன், தங்கச்சி, என்ன வருத்தம் எண்டு சத்தமாக் கேக்காதீங்க, ஒரு கொப்பியும் பேனையும் வச்சா எழுதித் தருவாங்க எண்டு. தலையாட்டிச்சி, வச்சதா இல்லையா எண்டு தெரியாது. அது வரைக்கும் போற ஆக்கள் "டொக்டரிட்டச் சொல்றன்" எண்டு மட்டும் சொல்லுங்க, அதுக்கு மேல அவங்க கேக்கிறல்ல. நம்பர் காலையில எட்டு மணிக்கே போன்ல எடுத்தா முதல் பத்துக்குள்ள கிடைக்கும்.