எழுத்தைக் கலைத்து விளையாட: செயலியா, அட்டையா?

கலைந்து கிடக்கும் எழுத்துகளைக் கோத்துச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு இப்போது இரண்டு வழி. ஒன்று கைபேசிச் செயலி. மற்றது, பழைய கல்யாணப் பத்திரிகையைச் சதுரமாக வெட்டி எழுத்து எழுதிய அட்டை. நாலாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக, ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. இப்போது அட்டை மட்டும்தான்.

செலவு, விளம்பரத் தொல்லை, கண்ணுக்குக் கேடு எல்லாம் உங்களுக்கே தெரியும். என்னை அட்டைப் பக்கம் தள்ளியது வேறு: எழுத்தை எங்கே வெட்டுகிறோம் என்பது.

கணினிக்குள் தமிழ் எழுத்து முழுசாகக் கிடப்பதில்லை. 'பாம்பன்' நமக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோடு) முறையில் கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகி ஏழு குறிகள். செயலியைச் செய்தவர் இதைக் கவனிக்காமல் குறிகளைக் கலைத்துவிட்டால் கால் ஒரு கட்டத்தில், புள்ளி ஒரு கட்டத்தில் நிற்கும். "இது என்ன எழுத்துப்பா?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? 26 எழுத்து ஆங்கிலத்தில் இந்த வம்பே இல்லை. நான் பார்த்தது இலவசச் செயலிகள் சிலதான். காசு கட்டி வாங்குவதில் சரியாக இருக்கலாம்.

முழு எழுத்தாக இருந்தால் தமிழே துப்புக் கொடுக்கும். ம, ண், ட, ப, ம் என்று ஐந்து அட்டை. மாற்றி மாற்றி அடுக்க 120 வகை உண்டு. ஆனால் புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் நிற்காது. ட-வும் நிற்காது (டீயையும் டாக்டரையும் விடுங்கள், வந்தேறிகள்). ஆக முதலெழுத்து ம அல்லது ப. 'ம்' கடைசியில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 12. ண்-ணும் ட-வும் சேர்ந்தே திரியும் இனம் என்பதால் அவற்றை ஒட்டி வைத்தால் நாலே நாலு. அதில் ஊர்ப் பெயர் தானாக வந்து நிற்கும். வகுப்பில் மனப்பாடம் செய்த இலக்கணம் இங்கே கைக்கு உதவுகிறது. புள்ளியைப் பிய்த்துத் தனியாகப் போட்டால் இந்தத் துப்பு பாதி போச்சு.

அட்டையில் குறையே இல்லையா? இருக்கிறது. 247 எழுத்துக்கும் அட்டை செய்து மாளாது. சொல்லுக்குச் சொல் வெட்ட வேண்டும், அதனால் விடை தெரிந்த ஒருவர் கூட உட்கார வேண்டும். க-வுக்கு ஓர் அட்டை, காலுக்கு ஓர் அட்டை என்று சிக்கனம் பிடித்தால் செயலியின் கோளாறு அட்டைக்கும் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அட்டை ஊறி மடங்கும்; மேலே செலோ டேப் ஒட்டி பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். பிள்ளை தனியாக விளையாட வேண்டும் என்றாலோ, ஆங்கிலச் சொல்தான் வேண்டும் என்றாலோ செயலியே போதும்.

பொருள் பார்க்க மட்டும் கைபேசி வெளியே வரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் நடை நாலாம் வகுப்புக்குக் கடினம். படித்து நாம்தான் எளிதாக்கிச் சொல்ல வேண்டும். வலை, வத்தை (படகு), காற்று பற்றிய சொல் வந்தால் அகராதிக்கு முன்னால் வீட்டில் கடலுக்குப் போகிறவரைக் கேட்கச் சொல்லுங்கள்.