தரையிலிருந்து எழும் கணை: திருநெல்வேலியில் ஒரு பறப்புச் சிமுலேட்டர் அறை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில், மூன்று கதிரைகளும் மூன்று பெரிய திரைகளும் கொண்ட சிறிய அறையொன்றில், மணித்தியாலக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு போர் விமானச் சிமுலேட்டர் ஓட்டத் தருகிறார்கள். அங்கே அண்மையில் சேர்த்திருக்கும் இலவச இணைப்புப் பொதி ஒன்றைப் பற்றியே இந்த மதிப்புரை. 1960களின் சோவியத் விமான எதிர்ப்பு ஏவுகணையான எஸ்-75ஐ, அதன் ராடார் வண்டிகளோடும் ஆறு ஏவுமேடைகளோடும் சிமுலேட்டருக்குள் கொண்டுவரும் பொதி அது. நான்கு மாலைகள் போயிருந்து, விழுந்தும் தப்பியும் பார்த்த பின்னரே எழுதுகிறேன்.

ஏவுகணை என்றதும் எங்கள் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது தோளில் வைத்து ஏவுகிற, வெப்பத்தைத் தேடிப் போகிற சிறிய வகைதான். 1995 ஏப்ரல் இறுதியில் பலாலிப் பக்கம் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு அவ்ரோ விமானங்கள் வீழ்ந்ததை மறந்தவர்கள் குறைவு. எஸ்-75 அந்த இனமே அல்ல. ஏறத்தாழ பத்தரை மீற்றர் நீளமும் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அதை, அமெரிக்க விமானிகள் பறக்கும் தந்திக் கம்பம் என்றே அழைத்தார்கள். அதற்குச் சொந்தக் கண் கிடையாது. தரையில் நிற்கும் ராடார், இலக்கையும் கணையையும் சேர்த்துப் பார்த்து, வானொலிக் கட்டளையால் கணையின் செட்டைகளைத் திருப்பும். மேற்குலகினர் ஃபான் சோங் என்று பெயரிட்ட அந்த ராடாரால் ஒரு நேரத்தில் ஓர் இலக்கை மட்டுமே தொடர முடியும். ஆனால் அந்த ஓர் இலக்கின்மீது மூன்று கணைகள் வரை செலுத்த முடியும். பொதியின் தரத்தை அளக்க இந்த இரண்டு வசனங்களே போதும் என்பது என் கருத்து.

வரலாற்றுப் பக்கத்தை, திரை ஏற்றப்படும் நேரத்தில் வரும் குறிப்புகளில் சுருக்கமாகவும் பிழையின்றியும் தந்திருக்கிறார்கள். 1957இல் சேவைக்கு வந்தது. 1960 மே 1ஆம் திகதி அமெரிக்க விமானி பவர்ஸ் ஓட்டிய யூ-2 உளவு விமானத்தை வீழ்த்தியது. அன்றைய குழப்பத்தில் சோவியத்தின் சொந்த மிக்-19 ஒன்றும் அதே கணைகளுக்குப் பலியானது. 1965 யூலை 24ஆம் திகதி வியட்நாமில் முதலாவது அமெரிக்க விமானத்தை, ஒரு எஃப்-4 பான்ரத்தை, விழுத்தியது. மிக்-19 செய்தியை விடாமல் சேர்த்தவருக்கு என் பாராட்டு.

காட்சியில் குறை சொல்ல அதிகமில்லை. கணை கிளம்பும்போது ஏவுமேடையைச் சுற்றி எழும் செம்மண் புழுதி, தோட்டத்தில் உழவு இயந்திரம் திரும்புகையில் எழும் புழுதியைப் போல ஒரு பக்கமாகச் சரிந்து, சில நொடிகள் நிலத்தோடு ஒட்டி நிற்கிறது. விமானியின் கண்ணுக்குத் தெரியும் முதல் எச்சரிக்கை உண்மையில் அந்தப் புழுதிதான். நாலைந்து விநாடிகளில் திண்ம எரிபொருள் ஊக்கி எரிந்து கழன்று விழ, மெலிந்த இரண்டாம் பகுதி திரவ எரிபொருளில் மேலே வருகிறது. ஊக்கி தனியாகப் புரண்டு விழுவதைக்கூட விட்டுவிடவில்லை.

தப்பும் முறையும் சரியாக வேலை செய்கிறது. கணையைக் கண்டவுடன் பதறித் திரும்பினால் செத்தீர்கள். அதை முன்பக்கவாட்டில் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு, மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுத்து, அதுவும் உங்களைப் பின்பற்றிக் கீழே வளைகிறதா என்று பார்த்து, கடைசி நேரத்தில் முழுப் பலத்தோடு மேலே இழுக்க வேண்டும். ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் வரும், சிறிய செட்டைகள் கொண்ட கணையால் அந்தத் திருப்பத்தை எடுக்க முடியாது. முதல் மாலை நான் ஐந்து முறை அவசரப்பட்டு ஐந்து முறையும் விழுந்தேன். கடை நடத்தும் தம்பி பின்னால் நின்று, “அண்ணை, அது கிட்ட வரட்டும், கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சியாமாசெட்டி, சகடை என்று நாங்கள் அழைத்த குண்டுவீச்சு விமானங்களின் இரைச்சலைப் பதுங்குகுழிக்குள் இருந்து பிரித்தறியப் பழகிய ஒருவனுக்கு, வானத்திலிருந்து வருவதைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருப்பது இலேசான வேலையல்ல. ஆறாவது முறை தப்பினேன்.

குறை வேறிடத்தில் இருந்தது. இரண்டாம் மாலை, கணை கிளம்பிய பின்னர், என் கூட்டாளி மற்றக் கதிரையிலிருந்து, விமானத்திலிருந்து ராடாரைத் தேடிப் போகும் ஷ்ரைக் ஏவுகணையால் ஃபான் சோங் ராடாரை அழித்துவிட்டார். அந்த நொடியிலிருந்து கணை குருடாகி, தன்பாட்டில் போயிருக்க வேண்டும். அதுவோ வளைந்து வந்து என்னை அடித்தது. இன்னொரு முறை செய்தோம், மீண்டும் அடித்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் பொதியின் அமைப்புக் கோப்பைத் திறந்தார். வழிகாட்டல் என்ற வரியில், பிற்காலக் கணைகளுக்கு உரிய சொந்தத் தேடுகருவி வகையை அப்படியே பிரதிபண்ணி விட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைக் கட்டளை வழிகாட்டலுக்கு மாற்றி மீண்டும் ஏற்றியதும், ராடார் போன கணை நேர்கோட்டில் என்னைத் தாண்டி ஏறி, உயரத்தில் தானாக வெடித்தது. வெளிப்புறத்தை இவ்வளவு கவனமாகச் செதுக்கியவர்கள், அந்த ஆயுதத்தின் உயிர்நாடியான தரைத் தொடர்பில் கோட்டை விட்டது எனக்கு விளங்கவில்லை.

இதே போன்ற இன்னொரு குறையைக் கோப்பு மாற்றித் தீர்க்க முடியவில்லை. பொதியின் ராடார் ஒருபோதும் அணைவதில்லை. ஷ்ரைக் கணை ராடார் அலையைப் பிடித்துக்கொண்டு போவது. அலை நின்றால் வழி தவறும். இதை அறிந்த வட வியட்நாமிய இயக்குநர்கள், தேவையான சில விநாடிகளுக்கு மட்டும் ராடாரை எரியவிட்டு அணைக்கப் பழகினார்கள். இங்கே அவர்கள் விடிய விடிய எரியவிட்டுக் காத்திருப்பதால், ராடார் வேட்டைக்குப் போகும் வைல்ட் வீசல் பணிகள் யாவும் சந்தையில் மரக்கறி வாங்குவது போல முடிந்துவிடுகின்றன. எச்சரிக்கை ஒலியும் பொருத்தமில்லை: அந்தக் காலக் கருவி ராடார்த் துடிப்புகளையே கரகரப்பான ஒலியாக்கி விமானியின் காதில் போட்டது, பொதியில் கேட்பதோ இக்காலக் கைத்தொலைபேசியின் மணி.

தாழப் பறந்தால் தொடக்ககாலக் கணைகள் பிடிக்க மாட்டா என்பதையும், அப்படித் தாழ்ந்தவர்களைச் சாதாரண விமான எதிர்ப்புப் பீரங்கிகள் தின்றன என்பதையும் சேர்த்தே அமைத்திருப்பது பெரிய நிறைவு. கணையின் உண்மையான வேலை அதுதான். விழுத்தியவற்றைவிடக் கீழே துரத்தியவை அதிகம். 1972 டிசெம்பர் 18 முதல் 29 வரை ஹனோய்ப் பகுதியில் 15 பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வீழ்ந்த இரவுகளையும் ஒரு பணியாகத் தந்திருக்கிறார்கள். அதை மூன்றாம் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே தொட்டால் ஒன்றும் விளங்காது.

அறையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒரு மணித்தியாலத்துக்கு 700 ரூபாய். காற்பெடல் இரண்டு கதிரைகளுக்குத்தான் உண்டு. சுவரோரக் கதிரையைத் தவிர்த்துவிடுங்கள். மின்சாரம் போனால் யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். இழந்த நேரத்தைத் தம்பி கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார். ஒலிபெருக்கி வைக்கமாட்டார்கள், தலையணி மட்டும்தான். தொடக்கத்தில் வைத்திருந்தார்களாம், குத்தி இறங்கும் விமானச் சத்தம் கேட்டுப் பின்வீட்டு அம்மா ஒருவர் முற்றத்துக்கு ஓடி வந்து பேரப்பிள்ளைகளை உள்ளே இழுத்த நாளோடு கழற்றிவிட்டார்கள்.

பொதியில் நான் பெரிதும் எதிர்பார்த்துக் கிடைக்காதது தரைப்பக்கம். ஃபான் சோங் வண்டிக்குள் இயக்குநர்கள் மூவர், ஒருவர் தூரத்தையும் ஒருவர் திசையையும் ஒருவர் உயரக் கோணத்தையும் கைச்சக்கரம் சுழற்றித் தொடர்ந்தார்கள். மூன்று கதிரை உள்ள இந்த அறைக்கு அதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. அது வரும்வரை, வழிகாட்டல் வரியை மாற்றிய பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்கி ஓட்டுங்கள். தம்பி இரண்டையும் வைத்திருக்கிறார். மாலைகளில் பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்துவிடுவார்கள். வார நாட்களில் காலை பத்து மணிக்குப் போனால் பெடல் உள்ள கதிரை கிடைக்கும்.