போர்த்துகீசியக் காதல் பாட்டு: எதில் தொடங்கலாம்?

பாட்டு கேட்டே போர்த்துகீசியம் கற்கிறேன் என்று சொல்பவரிடம் எல்லோரும் முதலில் நீட்டுவது போசா நோவாவைத்தான். 1950களின் கடைசியில் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த இசை. டாம் ஜோபிமின் மெட்டு, வினீசியுஸ் டி மொராயிஸின் வரிகள், ஜுவாவ் ஜில்பெர்ட்டோவின் குரல். கேட்க இதம்தான், ஆனால் ஆரம்பப் பாடத்துக்குத் தோதில்லை. ஜில்பெர்ட்டோ காதோடு பேசுவதுபோலப் பாடுவார், சொற்களைத் தாளத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்துவார். ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதே புதியவருக்குப் பிடிபடாது.

நான் கைகாட்டுவது ராபர்ட்டோ கார்லோஸை. கால்பந்து வீரர் இல்லை, பாடகர். எராஸ்மு கார்லோஸுடன் சேர்ந்து அவர் எழுதிய 'தெதால்யிஸ்' 1971இல் வந்தது. பிரிந்துபோன காதலியிடம், 'என்னை மறக்க முயன்று பயனில்லை, சின்னச் சின்ன விஷயங்கள் நினைவூட்டிக்கொண்டே இருக்கும்' என்கிற பாட்டு. மெதுவான நடை, ஒவ்வொரு அசையும் தெளிவாக விழும். வருகிற பொருள்களும் அன்றாடம் பார்ப்பவை: சத்தம் போடும் கார், வெளுத்துப்போன கால்சட்டை.

அதைவிடப் பெரிய லாபம் இலக்கணத்தில். 'உன் தெருவில் வேறொரு நீளமுடிக்காரன் தென்பட்டால்' என்று ஓரிடம், 'அவனிடம் இவ்வளவு காதல் இருக்குமா, சந்தேகம்தான்' என்று இன்னோரிடம். 'ஆல்' போட்டுச் சொல்வதற்கும் சந்தேகப்படுவதற்கும் போர்த்துகீசியத்தில் வினைச்சொல் வேறு உருவம் எடுக்கும். பாடப்புத்தகத்தில் தலைவலி தரும் பகுதி அது. இங்கே பொறாமையோடு சேர்ந்து வருவதால் மறக்காது. போதாததற்கு, தன் மோசமான போர்த்துகீசியத்தின் பிழைகளைப் பற்றியும் காதலன் அதில் பேசுகிறான். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட ஆறுதல் வேண்டுமா?

சரி, இன்றைய பிரேசிலில் மக்கள் பேசுகிற மாதிரிப் பேச வேண்டுமா? அப்படியானால் செர்தனேஜு. உள்நாட்டுக் கிராமிய இசையிலிருந்து வளர்ந்த வகை இது. கோயாஸ் மாநிலத்தின் மரிலியா மென்டோன்சா (1995–2021) பாடிய துரோகப் பாட்டுகளையும் மதுக்கடைப் புலம்பல்களையும் கேளுங்கள். 'எஸ்தோ' (இருக்கிறேன்) இங்கே 'தோ' ஆகிவிடும், 'பாரா' (-க்காக) 'ப்ரா' ஆகும், 'நாம்' என்பதற்கு 'அ ஜென்ச்சி' வரும். அதற்கு வினை ஒருமையில் வருவதால் வேலை இன்னும் எளிது. ஆனால் தேர்வுத்தாளில் இப்படியே எழுதினால் மதிப்பெண் போகும்.

ஃபாடோ வேறு கதை. போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனின் இசை, யுனெஸ்கோ 2011இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அமாலியா ரொட்ரிகெஸ் போன்றவர்கள் உயிரெழுத்துகளை நீட்டிப் பாடும்போது எல்லாம் புரிவதுபோல இருக்கும். தெருவில் இறங்கினால், அழுத்தம் விழாத உயிர்களைப் போர்ச்சுகல்காரர்கள் பாதி விழுங்கிவிடுவார்கள். அங்கே வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் ஃபாடோ கேட்கட்டும், 'து' என்கிற 'நீ'யும் அதற்கான வினைகளும் காதில் பழகும். கூடவே வானொலிச் செய்தியும் கட்டாயம்.

அப்புறம், செசாரியா எவோராவையும் பலர் இந்த வரிசையில் வைக்கிறார்கள். அருமையான குரல், ஆனால் அவர் பெரும்பாலும் பாடியது மேற்கு ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயின் கிரியோல் மொழியில், அதாவது போர்த்துகீசியம் கலந்து உருவான தனி மொழியில். ரசிக்கக் கேளுங்கள், பாடத்துக்கு வேண்டாம்.