மீனவர் கோப்பை: நுழைவு விதிக்கு முழு மதிப்பெண், நடுவர் அறைக்குப் பாதிதான்

ஸ்கூனர் (இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாய்மரங்கள் கொண்ட பாய்க்கப்பல்) பந்தயம் நடத்த நினைக்கும் குழு, கோப்பைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் 1920-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்த சர்வதேச மீனவர் கோப்பையை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கோப்பையின் அழகை இங்கே பேசப் போவதில்லை. ஆள் சேர்த்து, மீன்பிடி நாட்களை விட்டுவிட்டு வரும் ஒரு கேப்டனுக்கு அந்தப் பரிசு ஏற்பாடு என்ன கொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதுதான் கேள்வி.

அந்த ஆண்டு அமெரிக்கக் கோப்பை (America's Cup) என்ற உல்லாசப் பாய்ப்படகுப் பந்தயத்தில் காற்று 23 நாட் (மணிக்குச் சுமார் 43 கி.மீ.) அடிக்கிறது என்று ஒரு நாள் ஓட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். குளிர்கால அட்லாண்டிக்கில் காட் மீன் பிடிப்பவர்களுக்கு அது நல்ல சிரிப்பு. நிஜமான தொழில் கப்பல்களுக்கு ஒரு பந்தயம் வைத்தால் என்ன என்று பேச்சு கிளம்ப, ஹாலிஃபாக்ஸ் ஹெரால்டு பத்திரிகையின் வில்லியம் டென்னிஸ் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். வென்றவருக்கு 4,000 டாலர், தோற்றவருக்கு 1,000 டாலர். தோற்றவருக்கும் பணம் என்பதை இரக்கம் என்று நினைக்க வேண்டாம். பந்தய வாரத்தில் கடலுக்குப் போகாத கப்பலுக்கு வருமானம் கிடையாது. அந்த ஆயிரம் இல்லாவிட்டால் ஜெயிக்கும் நம்பிக்கை உள்ளவர் மட்டுமே வருவார். இந்த இடத்தில் ஏற்பாடு செய்தவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

நுழைவு விதிகள் இன்னும் கெட்டி. கப்பலின் மொத்த நீளம் 145 அடிக்குள். நீர்மட்டக் கோட்டில் 112 அடிக்குள். பாய் பரப்புக்கு உச்சவரம்பு. பாய்த்துணி மீன்பிடிக் கப்பல்கள் வழக்கமாகக் கட்டும் பருத்தித் துணியாக இருக்க வேண்டும். மாலுமிகள் மீனவர்களாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பல் குறைந்தது ஒரு பருவமாவது மீன்பிடிக்கப் போய்வந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் மொத்தத்தையும் தாங்கிய தூண். அளவு விதியை மட்டும் வைத்தால், பணக்காரர் ஒருவர் அந்த அளவுக்குள் ஒரு பந்தயப் படகைச் செதுக்கிக் கொண்டுவந்துவிடுவார். ஒரு பருவம் மீன் ஏற்றி இறக்க வேண்டும் என்றால், அடிவயிற்றில் சரக்குக்கு இடம் விட்டே கட்டியாக வேண்டும். பாஸ்டன்காரர்களுக்காகக் கட்டிய மேஃப்ளவர் கப்பல் 1921-ல் பந்தயப் படகு போல இருக்கிறது என்று வெளியே நிறுத்தப்பட்டதும் இந்த எண்ணத்தில்தான்.

முதல் கோப்பை அமெரிக்காவுக்குப் போனது. குளோஸ்டர் துறைமுகத்தின் எஸ்பெரான்டோ, கேப்டன் மார்ட்டி வெல்ச்சின் கையில், கனடாவின் டெலவானாவை இரண்டுக்குப் பூஜ்யம் என்று அடித்தது. தோல்வி பொறுக்காத நோவா ஸ்கோஷியா (ஹாலிஃபாக்ஸ் இருக்கும் மாகாணம்), வில்லியம் ரூவே வரைந்த புளூநோஸ் கப்பலை லூனென்பர்கில் கட்டி 1921 மார்ச்சில் நீரில் இறக்கியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அதன் கேப்டன் ஆங்கஸ் வால்டர்ஸ் கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு பரிசு ஒரு கப்பலையே பிறப்பித்தது என்றால், பரிசாக அது தன் வேலையைச் செய்துவிட்டது.

நடுவர் அறைக்குள் போனால் கதை வேறு. 1922-ல் குளோஸ்டரில், தொடக்கம் தள்ளிப்போகிறது என்ற குழுவின் முடிவை மீறி புளூநோஸ், அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு என்ற இரண்டு கப்பல்களும் கிளம்பிவிட்டன. ஹென்றி ஃபோர்டு முதலில் வந்தது. குழு ஓட்டமே செல்லாது என்றது. ஓடியவர்களும் கரையில் நின்று பார்த்தவர்களும் கண்ணால் கண்ட வெற்றியைக் காகிதத்தில் அழித்தால் கோப்பையின் மதிப்பு அன்றைக்கே பாதி போய்விடும். அதே ஃபோர்டின் பாய் அளவுக்கு மேல் இருக்கிறது என்று வெட்டச் சொன்னதும் பந்தய வாரத்திலேதான். அளவு எடுப்பதைத் தொடக்கத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். வெட்டித் தைத்த பாய் பழைய வடிவத்துக்கு வராது; ஓரம் இழுபட்டுக் காற்றில் படபடக்கும். அதற்குப் பிறகு தோற்றவர் காற்றைக் குறை சொல்ல மாட்டார், குழுவைத்தான் சொல்வார்.

1923 இன்னும் மோசம். முதல் ஓட்டத்தில் புளூநோஸின் பாய்த்தண்டு அமெரிக்கக் கப்பலான கொலம்பியாவின் கயிறுகளில் மாட்டிக்கொண்டது. இருந்தும் புளூநோஸே முன்னால் வந்தது. இது நடந்த பிறகு, ஆழமற்ற இடத்தைக் காட்டும் மிதவைகளைக் கடல் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்று குழு புது விதி போட்டது. இரண்டாவது ஓட்டத்தில் வால்டர்ஸ் ஒரு மிதவையை உள்பக்கமாகக் கடந்தார், கொலம்பியா முறையிட்டது, அந்த ஓட்டம் கொலம்பியாவுக்குக் கொடுக்கப்பட்டது. வால்டர்ஸ் கப்பலைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பணத்தைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அடுத்த கோப்பைத் தொடருக்கு 1931 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தொடர் நடக்கும்போது விதி மாற்றுவது கூடவே கூடாது என்று சொல்ல முடியாது, பாதுகாப்புக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் எழுத்தில் கொடுத்து இரு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். மீறினால் என்ன தண்டனை என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். ஓட்டத்தையே பறிப்பதற்கும் பத்து நிமிடம் கூட்டுவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

மீனவர் கோப்பையில் நேரச் சலுகை, அதாவது சின்னக் கப்பல் எடுத்த நேரத்தில் கொஞ்சம் கழித்துக்கொடுப்பது, கிடையாது; முதலில் கோட்டைத் தொட்டவரே வென்றவர். ஒரே அளவில் இரண்டு கப்பல்கள் மோதும்போது அதைவிட நேர்மையான கணக்கு இல்லை. 1990-ல் அமெரிக்காவின் நார்ஃபோக்கைச் சேர்ந்த கேப்டன் லேன் பிரிக்ஸ் தொடங்கிவைத்த செசபீக் விரிகுடா ஸ்கூனர் பந்தயம் போல, பல அளவுக் கப்பல்கள் ஒன்றாக ஓடும் இடத்தில் அது செல்லாது. அங்கே முதலில் வந்தவருக்கு ஒரு பரிசு, திருத்திய நேரத்தில் வென்றவருக்கு வேறொரு பரிசு என்று பிரித்தே ஆக வேண்டும். திருத்தும் முறையில்தான் பலர் இடறுகிறார்கள்.

100 கடல் மைல் ஓட்டம் என்று வையுங்கள். பெரிய கப்பலுக்குச் சலுகை இல்லை, சின்னதுக்கு மைலுக்கு 72 விநாடி. மொத்தம் 2 மணி நேரம். நல்ல காற்றில் பெரியது 13 மணி 10 நிமிடத்தில் வருகிறது, சின்னது 14 மணி 50 நிமிடத்தில். சலுகை கழித்தால் 12 மணி 50 நிமிடம், சின்னது ஜெயித்தது. இப்போது நள்ளிரவில் காற்று செத்து, நீரோட்டமும் எதிர்த்துத் திரும்பியது என்று வையுங்கள். பெரியது 20 மணி நேரம், சின்னது 23. சலுகை அதே 2 மணிதான் என்பதால் சின்னது ஒரு மணி நேரத்தில் தோற்கும். இதையே சின்னது எடுத்த நேரத்தை 0.87-ஆல் பெருக்கும் முறையில் போட்டால், முதல் ஓட்டத்தில் சின்னதுக்கு 12 மணி 54 நிமிடம், வெற்றி மாறாது. மெதுவான ஓட்டத்தில் 1,380 நிமிடம் 1,200.6 ஆகும், பெரியதற்கு 1,200. தோல்விதான், ஆனால் 36 விநாடியில். விரிகுடா, கழிமுகம் போல நீரோட்டம் ஆட்டிவைக்கும் தண்ணீரில் பெருக்கல் முறையே மேல் என்பது எங்கள் கட்சி. மைல் கணக்கையே வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: காற்று இல்லாமல் தூரத்தை 70 மைலாகக் குறைத்தால் அந்த 72 விநாடியையும் 70-ஆல்தான் பெருக்க வேண்டும். பழைய 100-ஐ விட்டுவைத்தால் சின்னக் கப்பலுக்கு 36 நிமிடம் இனாம்.

முடிவு நேரத்தைக் கப்பலே குறித்துக்கொள்ளும் பந்தயங்களில் ஜிபிஎஸ் காட்டும் நேரத்தை விநாடியோடு எழுதச் சொல்லுங்கள், கைக்கடிகாரம் வேண்டாம். பக்கத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, அப்போது முன்னும் பின்னும் தெரிந்த கப்பல்களின் பெயர். தகராறு வந்தால் கடைசியாகச் சொன்ன இந்தக் கப்பல் பெயர்கள்தான் காப்பாற்றும்.

கௌரவப் பரிசுகளில் கடைசியாக வந்தவருக்கு ஒன்று, உதவிக்காகத் தன் ஓட்டத்தை விட்டவருக்கு ஒன்று, இரண்டும் அவசியம். இரண்டாவதற்கு வாக்கெடுப்பு வேண்டாம். இழந்த நேரத்தைக் குழுவே கணக்கிட்டு ஈடு செய்துவிட்டு, பரிசையும் கொடுக்கலாம். மிகப் பழைய கப்பலுக்குப் பரிசு என்று அறிவிப்பவர்கள் மாட்டிக்கொள்வது நிச்சயம். அடிமரம் (கீல்) போட்டுக் கட்டத் தொடங்கிய ஆண்டா, நீரில் இறக்கிய ஆண்டா? விலாவும் பலகையும் முக்கால்வாசி மாற்றியது பழைய கப்பலா? பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டே முடிவு என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டால் விருந்தில் சண்டை வராது.

ஆண்டுதோறும் கைமாறும் கோப்பை வெள்ளி முலாம் என்றால் அதன் மேல் பெயர் வெட்டாதீர்கள். வெட்டுக்கு அடியில் பித்தளை எட்டிப்பார்க்கும். வென்றவர்கள் வருடா வருடம் தேய்த்துப் பளபளப்பாக்க, எழுத்தைச் சுற்றி முலாம் முதலில் போகும். கீழே அகலமான மரப்பீடம் வைத்து, சின்னத் தகடுகளில் ஆண்டு, கப்பல், கேப்டன் என்ற வரிசையில் பொறித்துத் திருகாணியால் பொருத்தலாம். பசை போட்டால் கப்பலின் ஈரத்தில் கழன்று விழும். பீடத்தில் முதல் நாளே முப்பது தகடுக்கு இடம் அளந்து கோடு போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் முதல் ஐந்து பெயர்கள் பெரிதாகவும் மற்றவை பக்கவாட்டில் நெருக்கியடித்தும் நிற்கும்.


அடுத்த பந்தயத்துக்கு 30 நாள் முன்பே கோப்பை திரும்பி வர வேண்டும் என்று வென்றவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கப்பலின் அரை உடல் மாதிரி (நெடுக்கில் பாதியாகப் பிளந்தது போன்ற சின்ன உருவம்) ஒன்றைப் பலகையில் அடித்துக் கொடுங்கள். மாலுமிகளுக்கு ஆளுக்கொரு துணிக்கொடி போதும்.